எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி

ஓட்டுநர் பள்ளி மாஸ்டருக்குக் காலில் ஒரு வித்தை இருந்தது. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் தடுமாறும்போது அதை அழுத்தாத மாஸ்டர் உலகத்தில் கிடையாது. மற்றவர்கள் அழுத்தினால் வண்டி குலுங்கி நிற்கும், ஓட்டுகிறவருக்கு முகம் சுண்டிப்போகும். இவர் அழுத்தினால் ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது. ஸ்டியரிங்கில் இருப்பவர் தானே பிரேக் பிடித்ததாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். இருபத்தாறு வருடமாக இப்படி நல்ல மனதோடு ஏமாற்றித்தான் அவர் ஊருக்கு ஓட்டுநர்களை உண்டாக்கிவந்தார்.

ஏமாற்றினாலும் மறைக்காமல் குறித்துவைப்பார். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அன்றைய பாடத்தில் தான் எத்தனை முறை அழுத்தினாரோ அத்தனை புள்ளிகளைப் பென்சிலால் வைப்பார். மூன்று நாள் தொடர்ந்து புள்ளி விழவில்லையென்றால் டெஸ்டுக்கு அனுப்புவார். புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருடைய மனைவியும் ஒரு காலத்தில் அந்த அட்டைக்காரிதான். முதல் வாரம் ஒரே நாளில் பத்தொன்பது புள்ளி வாங்கி, நல்ல மதிப்பெண் என்று நினைத்து வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். புள்ளி குறையக் குறைய, நமக்கு ஓட்ட வராது போலிருக்கிறது என்று மனசொடிந்துபோனாள். கல்யாணம் ஆன பிறகுதான் உண்மை தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எதற்குப் பேசவில்லை என்று மாஸ்டருக்கு இன்றுவரை பிடிபடவில்லை, அதைப் பிடித்துப் பார்க்க அவர் மெனக்கெடவும் இல்லை.

அவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருடமாக ஒரு பேக்கரியின் டெலிவரி வேனை ஓட்டுகிறாள். மூன்றடுக்கு கேக்கை ஏற்றிக்கொண்டு, கல் குவாரி வழியாகக் குண்டும் குழியுமான மண்பாதையில் போய், கிரீம் ஒரு நூலளவு நகராமல் இறக்கிவைப்பாள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். உடனே யாராவது ஒருவர், "மாஸ்டர் பொண்டாட்டியாச்சே, ஓட்டாம என்ன செய்வா" என்று ஒரு போடு போடுவார். அவள் சிரித்துக்கொள்வாள். பதினெட்டு வருடம் ஒரே பேச்சுக்குச் சிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த ஊரில் யாரும் யோசித்ததில்லை.

மோட்டார் கிளப் ஒன்று, புதியவர்களுக்கென்று ஒருநாள் ரேலி அறிவித்தது. ஒன்பது கிலோமீட்டர் மண்பாதையைப் போக்குவரத்து இல்லாமல் அடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வண்டியாக, நிமிடத்துக்கு ஒன்று புறப்பட வேண்டும். காலையில் ஒரு தடவை, மதியம் அதே பாதையில் இன்னொரு தடவை. இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவள் யாரிடமும் சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த வயதில் இது என்ன புது ஆசை என்று மாஸ்டர் கேட்டபோது, சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

"கடிகாரத்துக்கு நீங்க யாருன்னு தெரியாதுல்ல."

ரேலியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் திருப்பங்களை நோட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும். கார் தயார் செய்தது அவளுடைய தம்பி. மெக்கானிக். அவனும் வண்டியில் ஏறிவிட்டால் பழுது பார்க்க ஆள் கிடையாது. கடைசியில் மாஸ்டரே நான் வருகிறேன் என்றார். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. நோட்டில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். மெதுவா, பார்த்து, பிரேக்கு, அய்யோ என்கிற நான்கு சொற்களும் வாயில் வரக் கூடாது. மாஸ்டர் தலையாட்டினார். அந்தக் காரில் அவர் பக்கம் பிரேக் இல்லை என்பது அவருக்கு அப்போது ஞாபகமில்லை.

முந்தைய வாரம் புதியவர்களை உட்காரவைத்து ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஒரு பல் டாக்டர் அம்மாள். பதினைந்து வருடமாக ரேலி ஓட்டுகிறவர். வாயைத் திறந்துவைத்தவர்களிடமே பேசிப் பழகியதாலோ என்னவோ, எதிராளி பதில் சொல்ல இடமே கொடுக்கமாட்டார். ஜெயிப்பதற்கு வராதீர்கள், முடிப்பதற்கு வாருங்கள் என்றார். முன்னால் போன வண்டி எவ்வளவு நேரத்தில் போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். பாதையை விட்டு இறங்கிவிட்டால் முதலில் பின்னால் வருகிறவருக்குத் தெரிய முக்கோணப் பலகையை வையுங்கள், அப்புறம் அழுங்கள். எல்லோரும் சிரித்தார்கள். புத்தி சொல்வதே பிழைப்பாக இருந்த மாஸ்டருக்கு, இன்னொருவர் சொல்ல உட்கார்ந்து கேட்பது செருப்பை மாற்றிப் போட்டதுபோல் இருந்தது. ஆனாலும் குறித்துக்கொண்டார்.

நோட்டு எழுதுவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் டாக்டர் அம்மாள் குரலைத் தாழ்த்தினார். திருப்பத்துக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுக்க வேண்டும். ஒன்று என்றால் கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டியது, ஆறு என்றால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே போகலாம். ஓட்டுகிறவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அப்படியே எழுத வேண்டும்.

"பயமா இருந்தா கால எடுங்க. நம்பர குறைக்காதீங்க. ஒரு நம்பர்ல பொய் சொன்னா, அப்புறம் நிஜமான நம்பரையும் நம்ப முடியாது."

ரேலிக்கு முந்தின நாள் பாதை பார்க்க விட்டார்கள். மாட்டு வண்டி வேகத்தில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் அவள் சொல்லச் சொல்ல மாஸ்டர் எழுதினார். நாலு வலது, அறுபது மீட்டர், மூணு இடது, முகடு, அஞ்சு வலது. இரண்டாம் சுற்றில் அவர் படிக்க அவள் சரிபார்த்தாள். நாற்பத்தெட்டு திருப்பத்தில் இரண்டைத்தான் மாற்றினாள். குவாரிப் பாதையைப் பதினெட்டு வருடம் படித்த கண். மாஸ்டருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. கூடவே, ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு வேகம் என்று மனசு கூட்டிப் பார்த்தது.

சாயங்காலம் ஓட்டுநர்களை மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். லாட்ஜ் அறையில் மாஸ்டர் தனியாக உட்கார்ந்து, புழுதி படிந்த நோட்டைப் புது நோட்டில் அழகாக எழுத ஆரம்பித்தார். ஒன்பதாவது திருப்பத்தில் பென்சில் நின்றது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடது பக்கம் திரும்பும் இடம் அது. வெளி ஓரத்தில் தடுப்பு ஏதும் இல்லை, நேராகப் பள்ளம். அவள் ஐந்து என்று சொல்லியிருந்தாள். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். நான்கு என்று எழுதினார். எழுதிவிட்டு, கைப்பழக்கத்தில் அதன் கீழே சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

முதல் பொய்க்குத்தான் கை நடுங்கும். அடுத்தது எளிதாக வந்தது, அதற்கடுத்தது தானாகவே வந்தது. பக்கத்தைத் திருப்பி, முதல் எட்டுத் திருப்பங்களையும் ஒரு பார்வை பார்த்து அவற்றிலும் கைவைத்தார். ஆறை ஐந்தாக்கினார், நான்கை மூன்றாக்கினார். எல்லாவற்றுக்கும் கீழே புள்ளி. அவளே 'ரெண்டு' என்று சொல்லியிருந்த சில திருப்பங்களை மட்டும் தொடவில்லை. அங்கே அவளும் பயந்திருக்கிறாள், அது போதும் என்று விட்டுவிட்டார். அவள் கூட்டம் முடிந்து வந்தபோது நோட்டு அட்டை போட்டு மேஜைமேல் இருந்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டினாள். மாஸ்டர் அசடு வழிந்தார்.

மறுநாள் காலை முப்பத்து மூன்று வண்டிகளில் முப்பத்தோராவதாகப் புறப்பட்டார்கள். கையில் கொடி வைத்திருந்தவர் ஐந்திலிருந்து ஒன்றுவரை விரலை மடக்கினார். வண்டி பாய்ந்தது. தலைக்கவசத்துக்குள் இருந்த ஒலிவாங்கியில் மாஸ்டர் படிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு திருப்பத்தில் குரல் தடுமாறியது, அப்புறம் சீரானது. அவளும் சொன்னபடி கேட்டாள். மூன்று என்றால் மூன்றுக்கான வேகத்துக்கு இறக்கினாள்.

திருப்பங்கள்தான் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று என்று நினைத்து இறக்கினால், பாதை அகலமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நான்கு என்று இறக்கினால் அங்கே திருப்பமே இல்லாததுபோல் இருந்தது. ஏழெட்டு தடவை இப்படி ஆனதும் அவள் ஒலிவாங்கியில் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்.

"ரொம்பப் பயந்து சொல்லியிருக்கேன் போல. ஒண்ணு கூட்டிக்கிறேன்."

மாஸ்டருக்கு உடனே கணக்கு புரிந்தது. இனி மூன்று என்றால் அவள் நான்காக எடுப்பாள், நான்கை ஐந்தாக. அது அவள் சொன்ன எண்தான், அதில் ஆபத்தில்லை. ஆனால் புள்ளி வைக்காத இரண்டுகள் இருக்கின்றன. அவற்றையும் மூன்றாக எடுப்பாளே. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் முகடு வந்தது, அதைப் படிக்க வேண்டியிருந்தது. பின்னாலேயே இன்னொரு திருப்பம். நோட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் இடம் தவறிவிடும். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவருக்குச் சொல் கிடைக்காமல் போனதில்லை. இப்போது கிடைத்தும் நேரம் கிடைக்கவில்லை.

"ரெண்டு வலது, கவனம்" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அவள் மூன்றுக்கான வேகத்தில் நுழைந்தாள். மாஸ்டரின் வலது கால் அவரைக் கேட்காமலே இறங்கித் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே வெறும் தகடுதான் இருந்தது. வண்டி வால் பக்கம் சுற்றிக்கொண்டு போய், பாதையோரத்து மண்மேட்டில் இடித்து, எஞ்சின் அணைந்து நின்றது. புழுதி அடங்கியதும் எதிரே இன்னொரு நாலடிக்கு அப்பால் பெரிய பாறை ஒன்று தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் வண்டியைக் கிளப்பினாள். மிச்சத் தூரத்தைக் கேக் ஏற்றிய வேனைப்போல ஓட்டி முடித்தாள்.

பழுது பார்க்கும் மைதானத்தில் முப்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். தம்பி வண்டிக்குக் கீழே புகுந்து பார்த்துவிட்டு வந்து, பம்பர்தான் போயிற்று, சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை, இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றான். அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்தாள்.

"வேண்டாம்டா. பேர எடுத்துடலாம்" என்றாள்.

தம்பிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு இடி இடித்ததற்கா என்று கேட்டான்.

"இடிச்சதுக்கு இல்ல. எனக்கு ரோட்டப் பாக்கத் தெரியல. நல்லா இருக்கற திருப்பத்தையெல்லாம் பயந்து சொல்லியிருக்கேன். பயப்பட வேண்டியத தைரியமா சொல்லியிருக்கேன். இந்தக் கண்ண நம்பி உன் மாமாவ பக்கத்துல உக்கார வெச்சிட்டேனே. ஊருல சொல்றது சரிதான். மாஸ்டர் சொல்லிக் கொடுத்த அளவுக்குத்தான் எனக்கு வரும்."

தம்பி ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தான். நீங்களாவது சொல்லுங்கள் என்று அர்த்தம்.

மாஸ்டர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் போதும். அவள் பெயரை எடுத்துவிடுவாள், மூன்று பேரும் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேரலாம், இனி அந்தப் பள்ளத்துப் பக்கம் யாரும் போக வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் லாட்ஜில் உட்கார்ந்து அவர் ஆசைப்பட்டது இதைத்தான், கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. ஒரு கணம், உண்மையாகவே ஒரே ஒரு கணம், அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். புள்ளி குறைகிறதே என்று மனசொடிந்த காலத்தில்கூட அவள் தன் கண்ணைச் சந்தேகப்பட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. மெதுவாக வருகிற வெட்கம் இல்லை, அடித்ததுபோல் வந்தது.

நோட்டை விரித்து அவள் மடியில் வைத்தார். ஒன்பதாவது திருப்பத்தின் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"இது என்னன்னு உனக்குத் தெரியும்."

அவள் குனிந்து பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள், அப்புறம் நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள். தம்பி ஏதோ கேட்க வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வண்டிக்குக் கீழே போய்விட்டான். கெட்டிக்காரன்.

"நாப்பத்தொண்ணு" என்றாள். "இடிச்ச இடத்துல புள்ளி இல்ல."

"இல்ல. அங்க நீ சொன்னதே போதும்னு தோணுச்சு."

"மத்ததெல்லாம் நான் தப்பா சொன்னேன்னு தோணுச்சா?"

மாஸ்டர் வார்த்தையைத் தேடினார். நல்ல வார்த்தைகள் நிறைய வந்தன, எல்லாம் பொய்யாக இருந்தன.

"தப்புன்னு தோணல. நீ சொன்னதெல்லாம் சரின்னுதான் தெரிஞ்சுது. எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

அவள் நோட்டை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கூடாரத்தில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் கேட்டது, மாஸ்டர் எதிர்பார்த்த கேள்வி இல்லை. இருபத்திரண்டு வருடமாக உள்ளே வைத்திருந்த கேள்வி அது.

"லைசென்ஸ் டெஸ்ட் அன்னைக்குப் பக்கத்துல நீங்கதான் உக்காந்திருந்தீங்க. அட்டையில புள்ளி இல்ல. நீங்க அழுத்தலையா, இல்ல அழுத்திட்டுப் புள்ளி மட்டும் வெக்கலையா?"

அந்த இரண்டு நாள் அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்று மாஸ்டருக்கு இப்போதுதான் புரிந்தது. புரிந்துகொள்ள இத்தனை வருடமும் ஒரு பாறையும் தேவைப்பட்டிருக்கிறது.

"அழுத்தல" என்றார். "எங்க என்னையறியாம அழுத்திடுவேனோன்னு செருப்பக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் சீட்டு மேல மடிச்சு வெச்சு உக்காந்திருந்தேன். பின்னாடி இருந்த அதிகாரி பாத்துட்டு, என்னய்யா சாப்பாட்டுக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கேன்னு சத்தம் போட்டார்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அன்றைக்குப் பின்னால் இருந்து யாரோ சத்தம் போட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்துக் கை நடுங்கியதும், நடுக்கத்தோடேயே மேட்டில் வண்டியை எடுத்ததும் ஞாபகம் இருந்தது. யாரை எதற்குத் திட்டினார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா வேறு ஏதாவதா என்று மாஸ்டர் கேட்கவில்லை.

"ரப்பர் இருக்கா?"

"இருக்கு."

"நான் சொன்ன நம்பர் ஒண்ணுவிடாம வரணும். கோபம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க, அது வீட்டுக்குப் போய். உங்களுக்கு உக்காரப் பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளத் தேடறேன்."

"பயமாத்தான் இருக்கு. உக்காருறேன்" என்றார் மாஸ்டர்.

பதினேழு நிமிடத்தில் நாற்பத்தோரு எண்களை அழித்து எழுதினார். பார்த்து எழுத அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை, புள்ளி இருந்த இடத்தில் ஒன்றைக் கூட்டினால் போதும். எழுதும்போது பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் தூளை ஊதித் தள்ளினார். தம்பி பம்பர் இருந்த இடத்தில் டேப்பை ஒட்டிவிட்டு, இப்போது வண்டி முன்னைவிட லட்சணமாக இருக்கிறது என்றான். யாரும் சிரிக்காததால் தானே சிரித்துக்கொண்டான்.

இரண்டாம் தடவை கொடிக்காரர் விரலை மடக்கியபோது மாஸ்டர் நோட்டின் முதல் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். எட்டுத் திருப்பங்கள் போயின. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நோட்டில் ஐந்து என்று இருந்தது, அதன் கீழே தேய்ந்துபோன புள்ளியின் தழும்பும் இருந்தது. நாலு என்று சொல்ல நாக்கு துடித்தது. வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அஞ்சு இடது" என்று படித்தார்.

அவள் ஐந்துக்கான வேகத்தில் போனாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளம் முழுதாகத் தெரிந்தது. அடியில் ஒரு ஓடையும், காய்ந்த மரம் ஒன்றும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணைப் படித்தார். சக்கரம் பாதையின் நடுவிலேயே இருந்தது, ஒரு சாண் இப்படி அப்படி இல்லை. கிரீம் நகர்ந்திருக்காது. அவர் இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ஒருத்தர் வண்டி ஓட்டுவதை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

இடித்த இடம் வந்தது. மண்மேட்டில் அவர்களுடைய பம்பரின் துண்டு இன்னும் செருகி நின்றது. "ரெண்டு வலது, கவனம்" என்றார், இந்தத் தடவை கத்தாமல். அவள் இரண்டுக்கு இறக்கி, சொன்னால் சொன்னபடி, பாறையைத் தொடாமல் திரும்பிப் போனாள்.

முடிவுக் கோட்டில் நேரம் எழுதிக் கொடுத்தார்கள். காலையைவிட ஒரு நிமிடம் பதினாறு விநாடி குறைவு. இரண்டையும் கூட்டினால் முப்பத்து மூன்றில் இருபத்தெட்டாவது இடம் வரலாம் என்றார் அங்கே இருந்தவர். அவள் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அதில் மாஸ்டர் என்ற சொல் எங்கேயும் இல்லை.

தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தன புள்ளி?"

"நோட்டுல ஒண்ணும் இல்ல" என்றார் மாஸ்டர். வலது கால் தொடைவரை மரத்துப்போயிருந்தது, அவரால் அசைக்கக்கூட முடியவில்லை. "தரையிலதான் எண்ணணும்."

அவள் குனிந்து பார்த்தாள். அவர் காலடியில் இருந்த தகரத் தகடு கிண்ணம்போல உள்ளே குழிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு, வயிறு வலிக்கும்வரை. சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை பேச்சை நிறுத்தவில்லை.

"தரைய எவ்வளவு வேணும்னாலும் மிதிச்சுக்கோங்க" என்றாள்.

பின்னால் அடுத்த வண்டி வந்து நின்றது. அவள் கியரைப் போட்டு மெதுவாக நகர்த்தினாள்.